ஜவானா, ஆபீசரா? ராணுவத்தில் சேரும் முன் போட வேண்டிய கணக்கு

ராணுவத்துக்குப் போக ஆசைப்படும் பல பிள்ளைகளிடமும் அவர்களைப் பெற்றவர்களிடமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. சிப்பாயாக உள்ளே போய்விட்டால் போதும், வேலையில் கெட்டிக்காரனாக இருந்தால் வருடம் ஓட ஓட கேப்டன், மேஜர் என்று ஏறிவிடலாம் என்பது அது. இந்திய ராணுவம் அப்படி அமைக்கப்பட்டதல்ல. ஜவானுக்கு ஒரு ஏணி, ஆபீசருக்கு இன்னொரு ஏணி. ஒன்றின் உச்சியும் மற்றொன்றின் முதல் படியும் தாமாக இணைவதில்லை.

ஜவான் ஏணியில் சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று படிகள். அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இந்த மூவரையும் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) என்பார்கள். ஆபீசர் ஏணி லெப்டினன்டில் தொடங்கி கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல், பிரிகேடியர் என்று ஜெனரல் வரை போகும். 25 ஆண்டுக்கு மேல் சேவை செய்த சுபேதார் மேஜர், நேற்று பாஸ் அவுட் ஆன 22 வயது லெப்டினன்டுக்கு சல்யூட் அடிப்பார். அந்த லெப்டினன்ட் அவரை 'சாப்' என்று மரியாதையோடு அழைத்து, அவரிடமே வேலை கற்றுக்கொள்வார். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நம்பித்தான் பட்டாலியன் ஓடுகிறது.

ஜவானாக இருந்து ஆபீசர் ஆக வழியே இல்லை என்று சொல்லவில்லை. டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ் இருக்கிறது. பணியில் இருக்கும் படைவீரர்கள் குறைந்தது 2 ஆண்டு சேவைக்குப் பின், 20 முதல் 27 வயதுக்குள், பிளஸ் டூ தகுதியோடு தேர்வெழுதி அங்கே போகலாம். 3 ஆண்டு அங்கே, பிறகு 1 ஆண்டு இந்தியன் மிலிட்டரி அகாடமியில் (ஐ.எம்.ஏ.). ஆனால் அதற்கும் எழுத்துத் தேர்வு உண்டு, வெளியிலிருந்து வருகிறவர்கள் சந்திக்கும், ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் அதே நேர்முகமும் உண்டு. ஆபீசர் ஆவதுதான் ஆசை என்றால் அதற்கான கதவைத்தான் முதலில் தட்ட வேண்டும். சிப்பாய் வேலையை அதற்குக் குறுக்குவழியாக நினைத்துச் சேருகிறவர்களுக்கு ஏமாற்றமே அதிகம்.

வேலையே வேறு

சம்பளத்துக்கு முன் வேலையைப் பாருங்கள். ஜவானின் பெருமை அவர் கைத்திறனில் இருக்கிறது. துப்பாக்கி, பீரங்கி, வயர்லெஸ், டாங்கி, வண்டி, சமையல், கணக்கு என்று ஏதோ ஒன்றில் அவர் தேர்ந்தவராகிறார். ஹவில்தார் ஆகும்போது சுமார் 10 பேர் கொண்ட செக்‌ஷனை நடத்துகிறார். அந்தப் பத்துப் பேரின் துப்பாக்கியும் பூட்ஸும் உடம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆபீசரின் வேலை முடிவெடுப்பதும் அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பதும். சேர்ந்த சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கு மேற்பட்ட ஜவான்கள் கொண்ட கம்பெனியின் பாதுகாப்பு, பயிற்சி, விடுமுறை, தண்டனை எல்லாம் அவர் மேஜைக்கு வரும். ஒரு ஜவானின் வீட்டு நிலத்தகராறுக்குக் கலெக்டருக்குக் கடிதம் எழுதுவதும் அதில் அடங்கும். கோப்பு வேலை நிறைய. உடல் உழைப்பும் குறைவில்லை. தன் ஆட்கள் ஓடும் தூரத்தை அவரும் ஓட வேண்டும், முன்னால் ஓட வேண்டும்.

ஆபத்து ஒரு பக்கத்துக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்டதல்ல. 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற ராமநாதபுரம் மாவட்டத்து பழனி ஹவில்தார். 2014 ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்து அசோக சக்ரா பெற்ற முகுந்த் வரதராஜன் மேஜர், சென்னையில் உள்ள ஆபீசர் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் பயிற்சி முடித்து ராஜ்புத் ரெஜிமென்டுக்குப் போனவர். ஆபீசரானால் அலுவலகத்தில் உட்காரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜவான் என்றால் இன்று அக்னிவீர்

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஜவானாகச் சேரும் வழி மாறிவிட்டது. தாத்தாவும் மாமாவும் சேர்ந்த காலத்து அனுபவத்தை வைத்து முடிவெடுப்பது இன்று பெரும் தவறாக முடியும். அவர்கள் 15 ஆண்டு முடித்து ஓய்வூதியத்தோடு வந்தார்கள். இந்தத் திட்டத்தில் சேரும் ஜவானான அக்னிவீருக்கு 4 ஆண்டு. அது முடிந்ததும் ஒரு தொகுதியில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள், அவர்கள் மேலும் குறைந்தது 15 ஆண்டு இருப்பார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு. அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை.

பணக் கணக்கு இப்படி: முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடிக்கப்படும். ஆகவே முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000, கடைசி ஆண்டில் 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். 4 ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல் கிடைக்கும். பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு, அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. இடையில் சொந்த விருப்பத்தில் விலகினால் அரசின் பங்கு வராது.

அந்த 11.71 லட்சத்தை வேலை போன கையோடு வீடு கட்டவோ தங்கையின் கல்யாணத்துக்கோ என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அப்போது பிள்ளைக்கு வயது 22 அல்லது 23. கையில் வேலை இல்லாமல் நிற்கும் அந்த வயதில் படிப்புக்கும் தொழிலுக்கும் அதுதான் முதல். சேருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் அக்னிவீர்களுக்கு 10 சதவீத இட ஒதுக்கீடும் வயதுத் தளர்வும் 2022லேயே அறிவிக்கப்பட்டன. பத்தாவது முடித்துச் சேர்பவர் பணியில் இருந்தபடியே தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பன்னிரண்டாவது சான்றிதழ் பெறவும், திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ வழியாகப் பட்டம் படிக்கவும் ஏற்பாடு இருக்கிறது. இவற்றை முதல் ஆண்டிலிருந்தே பயன்படுத்துகிறவருக்குத்தான் நான்கு ஆண்டு வீணாகாது.

படிப்புத் தகுதி: பொதுப் பணிச் சிப்பாயான ஜெனரல் டியூட்டிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. டெக்னிக்கலுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்தோடு 50 சதவீதம். கிளார்க் பிரிவுக்கு 60. டிரேட்ஸ்மேன் வேலைகளில் சிலவற்றுக்கு எட்டாவது போதும். வயது குறைந்தது 17½ ஆகியிருக்க வேண்டும். மேல்வரம்பு 21 என்று திட்டம் தொடங்கியது, அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பிறந்த தேதி வரம்பைச் சரிபாருங்கள். திருமணம் ஆகியிருக்கக் கூடாது, நான்கு ஆண்டுக்குள் ஆகவும் கூடாது.

2023 முதல் தேர்வு முறை தலைகீழாகிவிட்டது. முன்பு ஓட்டம் முதலில், எழுத்துத் தேர்வு பிறகு. இப்போது கணினி வழி பொது நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும்தான் ஆள்சேர்ப்பு முகாம். மைதானத்தில் மாதக்கணக்கில் ஓடிவிட்டு, புத்தகத்தைத் தொடாமல் தேர்வுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஜெனரல் டியூட்டிக்கு 50 கேள்வி, 100 மதிப்பெண், 1 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். தேர்வைத் தமிழிலும் எழுத வழி வந்துவிட்டது. விண்ணப்பிக்கும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முகாமில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். அதற்கு மேல் போகப் போகக் குறையும். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று, சுற்றுக்கு 82 வினாடிதான் கணக்கு. கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 70 வினாடியில் முடிப்பவர் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கி நிற்பார். முகாமில் நடக்கும் தோல்விகளில் பெரும்பாலானவை இப்படித்தான். புல் அப்ஸ் 10 எடுத்தால் 40 மதிப்பெண், 6க்குக் குறைந்தால் தேர்ச்சியில்லை. உடலை ஆட்டி, காலை உதைத்து எடுப்பதை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். 9 அடி பள்ளம் தாண்டுவதும் வளைந்த கட்டையில் நடப்பதும் தேறினால் போதும், மதிப்பெண் இல்லை.

ஆபீசர் ஆகும் கதவுகள்

முதல் கதவு என்.டி.ஏ., அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. பயிற்சி தொடங்கும் நாளில் 16½க்கு மேல், 19½க்குக் கீழ் இருக்க வேண்டும். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். இந்தத் தேர்வைப் பற்றிக் கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் கேள்விப்படுகிறோம் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேரும் பெரிய இழப்பு. அதற்குள் வயது தாண்டிவிடுகிறது. கணிதத் தாள் 300 மதிப்பெண், பொதுத்திறன் தாள் 600, எஸ்.எஸ்.பி. 900. தரைப்படைக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம், ஆனால் கணிதத் தாளை எல்லோரும் எழுதியே ஆக வேண்டும். பதினோராம் வகுப்பில் கணிதத்தை விட்டவர் தனியாகப் படிக்காமல் தேறுவது கடினம். விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் பள்ளிப் பாடமாகவே இருந்திருக்க வேண்டும். தேர்வானால் புனே அருகே கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு, தரைப்படைக்கு டேராடூனில் இன்னும் 1 ஆண்டு. பட்டப் படிப்பும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

பட்டதாரிகளுக்கு யு.பி.எஸ்.சி.யே நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் மூன்றும் தலா 100. சென்னை பரங்கிமலையில் இருக்கும் ஓ.டி.ஏ.வுக்கு மட்டும் விண்ணப்பித்தால் கணிதம் வேண்டாம். டேராடூன் ஐ.எம்.ஏ.வில் 18 மாதப் பயிற்சி, ஓ.டி.ஏ.வில் 49 வாரம். என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் பட்டத்தில் 50 சதவீதமும் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். கல்லூரியில் முதல் ஆண்டே என்.சி.சி.யில் சேருங்கள் என்று சொல்வது இதனால்தான். பொறியியல், சட்டம் படித்தவர்களுக்குத் தனி வழிகள் உண்டு.

என்.டி.ஏ., சி.டி.எஸ். கேள்வித்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, பத்தாம் வகுப்பிலிருந்தே கணிதச் சொற்களை ஆங்கிலத்திலும் பழக வேண்டும். கணிதம் தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண் விடுவது மிகவும் வருத்தமான தோல்வி, தவிர்க்கக்கூடியதும்கூட.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். தரைப்படைக்குப் பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர் மையங்கள். முதல் நாளே அறிவுத்திறன் தேர்வும், ஒரு படத்தை 30 வினாடி பார்த்துக் கதை எழுதி, அதைக் குழுவில் பேசும் தேர்வும். பெரும்பாலானோர் அன்றைக்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். மீதிப்பேருக்கு உளவியல் தேர்வுகள்: 12 படக் கதைகள், 15 வினாடிக்கு ஒன்றாக 60 சொற்கள், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள். பிறகு மைதானத்தில் கட்டையும் கயிறும் டிரம்மும் வைத்துக் குழுவாகத் தடைகளைக் கடப்பது, தனியாள் தடைகள் 3 நிமிடத்தில், சிறு உரை, நேர்முகம். கடைசி நாள் எல்லா மதிப்பீட்டாளர்களும் கூடி முடிவெடுப்பார்கள்.

பயிற்சி மையம் கொடுத்த கதைகளை மனப்பாடம் செய்துபோவது இங்கே எடுபடாது. உளவியலாளர் படிக்கும் கதையில் இருக்கும் ஆளும், மைதானத்தில் கட்டையைத் தூக்கும் ஆளும், நேர்முகத்தில் பேசும் ஆளும் ஒரே ஆளாகத் தெரிகிறாரா என்றுதான் மூன்று பேர் தனித்தனியே பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் சிறு பிழை வந்தால் யாரும் கழிக்க மாட்டார்கள். குழுவில் வாய் திறக்காமல் இருந்தால் கழிப்பார்கள். முதல் முறை தவறினால் மீண்டும் போகலாம், வயது இருக்கும்வரை தரைப்படையில் இத்தனை முறைதான் என்ற வரம்பில்லை.

வருமானத்தில் லெப்டினன்டின் அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணி ஊதியம் 15,500, அகவிலைப்படி தனி. ஐ.எம்.ஏ., ஓ.டி.ஏ. பயிற்சியிலேயே 56,100 உதவித்தொகை தொடங்கிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஓ.டி.ஏ. வழியாகக் கிடைப்பது ஷார்ட் சர்வீஸ். 10 ஆண்டு, விரும்பினால் மேலும் 4. அதற்குள் நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாவிட்டால் ஓய்வூதியம் இல்லாமல்தான் வெளியே வர வேண்டும், ஆபீசருக்கு ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டு தேவை. 'ஆபீசர் என்றால் ஆயுசுக்கும் பென்ஷன்' என்பது என்.டி.ஏ., ஐ.எம்.ஏ. வழிகளில் நிரந்தரப் பணிக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்லப்படுவது.

உயரமும் கண்ணும்

தமிழ்நாட்டிலிருந்து அக்னிவீர் ஜெனரல் டியூட்டிக்கு உயரம் 166 செ.மீ. வேண்டும், மார்பு 77, விரித்தால் 5 கூட வேண்டும். ஆபீசருக்கு ஆண்களுக்கு 157 செ.மீ. போதும். 160 செ.மீ. உயரமுள்ள பையன் 'உனக்கு ஆர்மியே கிடையாது' என்று முகாமில் திருப்பி அனுப்பப்பட்டு மனம் உடைந்துபோகிறான். அவனுக்கு ஆபீசர் கதவு திறந்தே இருக்கிறது. கண்ணிலும் அப்படியே: அக்னிவீருக்குக் கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை எதிர்பார்க்கப்படுகிறது, தரைப்படை ஆபீசருக்குக் குறிப்பிட்ட அளவுவரை கண்ணாடி அனுமதி. நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடிப்பது, காதில் அடைத்த குறும்பி, முன்கையின் உட்புறமும் புறங்கையும் தவிர்த்த இடங்களில் பச்சை குத்தியது ஆகியவை இரு பக்கமும் தொல்லை. கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனையில் கண்ணையும் காதையும் காலையும் பார்த்துவிடுங்கள்.

பெண்களுக்கு ஆபீசர் பக்கமே கதவுகள் அதிகம். அக்னிவீரில் தரைப்படை பெண்களை ராணுவக் காவல் பிரிவுக்கு எடுக்கிறது. ஆபீசராக ஓ.டி.ஏ. பல பிரிவுகளுக்கு எடுக்கிறது, 2022 முதல் என்.டி.ஏ.விலும் பெண் கேடட்டுகள் பயில்கிறார்கள், முதல் தொகுதி 2025 மே மாதம் பாஸ் அவுட் ஆனது.

எதை முதலில் எழுதுவது

பிளஸ் டூவில் இருக்கிறீர்களா? என்.டி.ஏ.வையும் அக்னிவீரையும் ஒரே ஆண்டில் எழுதலாம், யாரும் தடுப்பதில்லை. என்.டி.ஏ. வாய்ப்புகள் முடியும்வரை அதற்கு முன்னுரிமை கொடுங்கள், ஏனென்றால் அந்த வயது திரும்ப வராது. 20 வயதில் பட்டப் படிப்பின் நடுவில் இருப்பவர் படிப்பை விட்டுவிட்டு அக்னிவீருக்கு ஓடும்முன் நிதானிக்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் சி.டி.எஸ். எழுதும் தகுதி கையில் வந்துவிடும், ஐ.எம்.ஏ.வுக்கு ஏறக்குறைய 24 வரையும் ஓ.டி.ஏ.வுக்கு 25 வரையும் வயது இருக்கிறது.

வீட்டில் இன்றைக்கே சம்பளம் வேண்டும், பத்தாவது அல்லது பிளஸ் டூவுக்கு மேல் படிக்க வைக்க ஆளில்லை என்றால் அக்னிவீர் நியாயமான முடிவு. கைவேலையில் மனம் ஒன்றுகிறவர், கோப்பும் கூட்டமும் பிடிக்காதவர், உடலை நம்புகிறவர் அங்கே நன்றாக வருவார். அதில் சிறுமை எதுவும் இல்லை. நான்கு ஆண்டுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு மட்டும் சேரும் நாளிலேயே ஒரு பதில் வைத்திருங்கள். 25 சதவீதத்துக்குள் வந்துவிடுவேன் என்பது பதிலாகாது, அது ஆசை.

உடற்பயிற்சி இருவருக்கும் ஒன்றேதான், அளவு மட்டும் வேறு. ஆபீசர் பயிற்சிக்குப் போகிறவர் 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடி, 40 புஷ் அப்ஸ், 6 புல் அப்ஸ் எடுக்கும் நிலையில் அகாடமிக்குள் நுழைய வேண்டும். எஸ்.எஸ்.பி.யில் ஓட்டப் பந்தயம் இல்லை என்று ஓடாமல் இருந்துவிட்டு அகாடமியில் கால் எலும்பில் கீறல் விழுந்து, ஒரு பருவம் பின்தங்குகிறவர்கள் உண்டு.

சான்றிதழில் ஆதாரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் விரித்து ஓரிடத்தில் என்று இருந்தால் இப்போதே திருத்தத்துக்குக் கொடுங்கள், முகாம் வாரத்தில் திருத்த முடியாது. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, பள்ளி நன்னடத்தைச் சான்று ஆகியவற்றையும் அறிவிப்பில் கேட்ட படிவத்திலேயே வாங்க வேண்டும்.

கட்டணம்: அக்னிவீர் பொதுத்தேர்வுக்கு 250 ரூபாய், என்.டி.ஏ.வுக்கு 100, சி.டி.எஸ்.ஸுக்கு 200. யு.பி.எஸ்.சி. தேர்வுகளில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. இதற்கு மேல் இடம் வாங்கித் தருகிறேன், மெடிக்கலில் தேற வைக்கிறேன் என்று யார் லட்சக்கணக்கில் கேட்டாலும் அது மோசடி. சென்னை, கோவை, திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்களுக்கு நேரில் போய் இலவசமாகவே விவரம் கேட்கலாம்.